கடைசிக் குழாயில் நின்ற நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் நடந்தது இது. அப்போது நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவில் எழுத்தராக இருந்தேன். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, ஓடிப்போய் பஸ் பிடித்து, நாற்காலியில் வந்து உட்காரும்போதே எனக்குப் பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதியை வருகிற ஜனங்கள் ஏற்றிவிடுகிறார்கள் என்றுதான் அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கவுன்ட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆளுயர மரப்பலகை அடைப்பு, நடுவில் அரைவட்டமாக ஒரு துளை. ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். வெளியிலிருந்து விண்ணப்பம் வரும். உள்ளிருந்து சான்றிதழ் போகும், அல்லது வந்த விண்ணப்பமே திரும்பிப் போகும். அத்தனை வருஷ சர்வீசில் மனு கொடுக்க வந்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவர்களுக்குத் தெரியாது. அது எனக்கு ரொம்பவும் வசதியாக இருந்தது.

அந்த வருஷம் புதிதாக வந்த ஆணையர், ஊழியர்களே சின்னச் சின்னக் குழுவாகச் சேர்ந்து, ஜனங்களுக்கு எங்கே கஷ்டம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்றார். என் கணவரின் தொழிற்சாலையில் இது ஏற்கெனவே உண்டு. மெஷினிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டாமல் இருக்க அவர்கள் குழு ஏதோ ஒரு தகடு வைத்தது என்று எவர்சில்வர் டப்பா பரிசு வாங்கி வந்தார். “ஒரு டப்பாவுக்கு இத்தனை மீட்டிங்கா?” என்று கேலி செய்தவள் நான். இப்போது எனக்கும் அதே மாதிரிக் குழு என்று கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் குழுவில் ஐந்து பேர். குடிநீர்க் குழாய் பார்க்கும் ஃபிட்டர், வரி வசூலிக்கும் பில் கலெக்டர், துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மா, பியூன், நான். புதன்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். முதல் இரண்டு வாரமும் அவரவர் பிரிவில் ஒரு குறையும் இல்லை என்று நிரூபிப்பதிலேயே போயிற்று. நான்தான் அதிகம் பேசினேன். “ஜனங்கள் பாரத்தை ஒழுங்காக நிரப்பினால் எனக்கு வேலையே இல்லை” என்றேன்.

மூன்றாவது வாரம் ஃபிட்டர் வாயைத் திறந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்.

“மேடம், ஒரு தெருவுல தண்ணி வர்லன்னு கம்ப்ளெய்ன்ட் வந்தா நாங்க இன்னா பண்ணுவோம்? டேங்க்காண்ட நின்னு பாத்தா தண்ணி சும்மா கொட்டும். அங்க பாத்து இன்னா புரோஜனம்? தெருவுல கடசி கொழா எங்க கீதோ அங்க போயி நிப்போம். அங்க கொடம் வெச்சாதான் அடைப்பு கீதா இல்லியான்னு தெரியும். நீங்களும் ஒரு நாளு ஒங்க கவுன்ட்டருக்கு வெளிய நின்னு பாருங்களேன்.”

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். பி.ஏ. படித்தவள் நான், ஸ்பேனர் பிடிக்கிறவர் எனக்கு வேலை சொல்லித் தருவதா! ஆனால் மற்ற மூவரும் “சரியாத்தான் சொல்றாரு” என்று தலையாட்டிவிட்டார்கள். மறுநாளே என்று முடிவாயிற்று. என் நாற்காலியில் வேறு ஓர் எழுத்தர் உட்காருவார். நான் யாரிடமும் சொல்லாமல் வரிசையில் நிற்க வேண்டும்.

வீம்புக்குக் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. குடையும் எடுக்கவில்லை. பழைய வாயில் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போனால், எனக்கு முன்னால் இருபது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். கவுன்ட்டர் திறப்பது பத்தரைக்கு. அதுவரை நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது. இத்தனை வருஷம் நான் பின்வாசல் வழியாகவே போய் வந்ததில் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

பத்து மணி வெயில் உச்சியில் இறங்கியதும் எனக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடிக்கப் போய், பிடி தவறி அப்படியே சரிந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்தான் என்னைத் தாங்கினாள். முப்பது வயதிருக்கும். தன் வயர்க்கூடையிலிருந்து ஒரு பையை எடுத்துத் தரையில் போட்டு என்னை உட்காரவைத்தாள். மூடி போட்ட சின்னச் சொம்பில் மோர் வைத்திருந்தாள். அதை நீட்டினாள். நான் கையை நீட்டி வாங்கி மடமடவென்று குடித்தேன். நின்று பார்த்தவள், “இன்னும் கொஞ்சம் கீது, குட்ச்சிடுங்கக்கா” என்றாள். அன்றைக்கு மதியத்துக்கு அவளிடம் இருந்தது அந்த மோர் ஒன்றுதான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

“ஒங்க எடம் எங்கியும் போவாது, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். தோட்டங்களில் பூப் பறிக்கும் வேலை. மகள் பிறந்தது எங்கள் நகராட்சி ஆஸ்பத்திரியில்; அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள்.

“நாலு வாட்டி வந்துட்டேங்க்கா, இது அஞ்சாவது. மொத வாட்டி பாரம் தப்புன்னாங்க. அப்பறம் ரேசன் கார்டு காப்பி கேட்டாங்க. அதக் குடுத்தா, ஊரு வி.ஏ.ஓ. கையில லெட்டர் வாங்கினு வான்னாங்க. எல்லாத்தையும் வாங்கினு வந்தா, ரெஜிஸ்டர்ல ஒன் வீட்டுக்காரர் பேரே இல்லன்னு தள்ளி வுட்டுட்டாங்க. நாளிக்கி ஸ்கூல்ல சேக்க கடசி நாளு. எம் பொண்ணு பைய மாட்டிக்கினே தூங்குது.”

பிறகு அந்தத் துளையைக் காட்டி, “உள்ள ஒரு அம்மா கீறாங்க. மூஞ்சி தெரியாது, கைதான் தெரியும். செவப்புக் கல்லு மோதரம் போட்ட கை. அந்தக் கை சீட்டத் தள்ளிடிச்சின்னா அவ்ளோதான், அடுத்த ஆளு வந்துரும். ஒரு வார்த்த கேட்டா சொல்லிருப்பேன். கேக்கவே இல்ல” என்றாள்.

எனக்குப் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. மெதுவாக மோதிரத்தைத் திருப்பிக் கல்லை உள்ளங்கைப் பக்கம் மறைத்துக்கொண்டேன். திருட்டுக் கைக்கு வேறென்ன தெரியும்! பேச்சை மாற்றுவதற்காகத்தான், “குழந்தை பிறந்தபோது கூட யார் இருந்தார்கள்?” என்று கேட்டேன்.

“எந்தம்பிதான். நர்சம்மா ஊட்டுக்காரர் பேரு இன்னான்னு கேட்டாங்க. நான் எப்டிக்கா அவரு பேரச் சொல்றது? வெக்கமா பூடிச்சி. தம்பிதான் சொன்னான்.”

“தம்பி என்ன பெயர் சொன்னான்?”

“ஊர்ல அவர எப்டிக் கூப்புடுவாங்களோ அதச் சொல்லியிருப்பான். கார்டுல கீற பேரு எங்க ஊர்ல யாருக்குத் தெரியும்?”

மயக்கம் போன இடம் தெரியவில்லை எனக்கு. எங்கள் பதிவேட்டின் பெயர்ப்பட்டியல் தகப்பன் பெயரை வைத்துத்தான் இருக்கும். விண்ணப்பப் பாரத்திலும் தகப்பன் பெயர் மட்டும்தான். நாங்கள் பட்டியலைப் புரட்டுவோம்; இருந்தால் எடுப்போம், இல்லையென்றால் ‘இல்லை’. ஆனால் பதிவேட்டின் உள்பக்கத்தில் தாயின் பெயருக்கு என்று தனிக் கட்டம் உண்டு. அதைப் பார்த்துத் தேட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத ஊரில் புருஷன் பெயரைக் கேட்டே ஆபீஸ் நடத்தியிருக்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணமான நாளிலிருந்து நானும் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏங்க”தான்.

அவள் முறை வரும்போது பதினொன்றரை. துளைக்குள்ளிருந்து, “இதுலதான் போன வாரமே ‘இல்ல’ன்னு எழுதியிருக்கேம்மா. அடுத்து!” என்று குரல் வந்தது. அச்சு அசலாக என் குரல், என் வார்த்தை. அவள் அழவில்லை. திரும்பி வந்த காகிதத்தை மடித்துக் கூடையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, “நீங்க போங்கக்கா, ஒங்க முற” என்று வழிவிட்டாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அவள் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். பியூனைக் கூப்பிட்டு, குழந்தை பிறந்த வருஷத்துப் பதிவேட்டைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். அவள் பெயரைக் கேட்டேன். தாயின் பெயர்க் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாக நானும் பில் கலெக்டரும் விரலை ஓட்டினோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதே தேதி, பெண் குழந்தை, தாய் இவள்தான். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் ஊரார் கூப்பிடும் செல்லப் பெயர்.

கண்டுபிடித்தால் போதாது. இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், சுகாதார அலுவலர் திருத்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நல்லவேளை, ரேஷன் கார்டு நகலும் வி.ஏ.ஓ. கடிதமும் கையிலேயே இருந்தன. அவளை நான் அலையவிட்டு அலையவிட்டு வாங்க வைத்த காகிதங்கள்! பில் கலெக்டர் பத்திரத்தை எழுதினார். நோட்டரியிடம் அவளைத் துப்புரவு அம்மா கூட்டிப்போனார். திரும்பி வந்து தன் டிபன் பாக்ஸில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். சுகாதார அலுவலரோ காலையிலேயே வார்டு பார்வையிடப் போய்விட்டார், மாலை வருவாரா என்பது நிச்சயமில்லை.

“சாரோட ஜீப்பு வானகரம் போற ரோட்டாண்ட நின்னுகினு கீது, இப்பதான் பாத்துட்டு வர்றேன்” என்றார் ஃபிட்டர். பதிவேட்டைக் கோணிப்பையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினார். பதிவேடு அலுவலகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஆணையரிடம் போய் நின்று அனுமதி கேட்டேன். “பொறுப்பான ஆள் கூடப் போகணும்” என்றார். அந்தப் பொறுப்பான ஆள் நான்தான். பியூனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, அந்த வெயிலில் ஃபிட்டர் பின்னாலேயே மிதித்தேன். ஜீப்பின் பானெட்டில் பதிவேட்டை விரித்து அலுவலர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் திரும்பி வந்து முத்திரை குத்தும்போது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

சான்றிதழைத் துளை வழியாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வராந்தாவுக்கே போய் அவள் கையில் கொடுத்தேன். அதை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது என்னால் அடக்க முடியவில்லை. மோதிரக் கல்லை வெளியே திருப்பிக் காட்டி, “அம்மா, நீ சொன்ன அந்தக் கை இதுதான். என்னை மன்னித்துவிடு” என்றேன்.

அவள் சிரித்தாள். “தெரியும்க்கா.”

“எப்போது?”

“மோருக்குக் கைய நீட்டினீங்களே, அப்பவே மோதரத்தப் பாத்துட்டேன்.”

“தெரிந்துமா கொடுத்தாய்?”

“பின்ன? மயக்கத்துல கீறவங்கிட்ட போயி கோவத்தக் காட்டுவாங்களா? ஆனா மனசுல கீறதச் சொல்லாமயும் இருக்க முடியல. நேரா சொன்னா நீங்க வெக்கப்படுவீங்க. அதான் வேற யாரியோ சொல்றாப்பல சொன்னேன்” என்றவள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் நான் முதலில் ஃபிட்டரிடம், “தம்பி, நீங்க சொன்னது சரி” என்றேன். அவர், “விடுங்க மேடம், கொழா அடைப்புதான, எட்த்தாச்சி” என்றார். பாரத்தில் தாயின் பெயர் சேர்ந்தது. வெளியே ஒரு கீற்றுக்கொட்டகையும் இரண்டு பெஞ்சும் ஒரு பானைத் தண்ணீரும் வந்தன. மரப்பலகையை மட்டும் மாற்றப் பணம் இல்லை என்றார்கள். ஃபிட்டரே ஒரு சனிக்கிழமை ரம்பத்தோடு வந்து, முகம் தெரிகிற அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். அதற்கு எங்களுக்கு எவர்சில்வர் டப்பாகூடக் கிடைக்கவில்லை என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகிவிட்டன, மோதிரம் இன்னும் என் விரலில்தான் இருக்கிறது. நாலு தடவை தன் காகிதத்தைத் தள்ளிவிட்ட கை இதுதான் என்று தெரிந்த பிறகும், நீட்டிய சொம்பைப் பின்னுக்கு இழுக்காத அந்தக் கையை நினைத்து, அந்தச் சிவப்புக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.