காற்றை மூடாத அடுப்பு

1. வெள்ளி, மதியம் 1.10: ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் வால்டோர்ஃபிலிருந்து புறப்பட்டேன். மன்ஹைமிலும் கொலோனிலும் ரயில் மாறினேன்.
2. மாலை 5.40: ஐஃபல் மலைப்பகுதியில் 'கல்' என்ற நிலையத்தில் இறங்கினேன். பெயரே அதுதான். பிறகு பேருந்தில் 25 நிமிடம்.
3. 6.30: ரஜனி அக்கா வீட்டு விறகு அடுப்பை, அவர் சொன்னபடி பற்றவைத்து, உடனே காற்றுத் திறப்பை மூடினேன்.
4. சனி காலை: அடுப்பின் கண்ணாடிக் கதவு தார் பூசியதுபோல் கறுத்திருந்தது.
5. சனி மதியம்: புகையால் சன்னலைத் திறக்க முடியவில்லை என்று எதிர்வீட்டு அம்மாள் வந்து சொன்னார்.
6. திங்கள் காலை 9.00: அந்த அம்மாள் அழைத்த புகைபோக்கி ஆய்வாளர் வந்தார்.

ரஜனி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கொலோன் தமிழ்ச் சங்கத்தில் பழக்கம். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார். அடுத்த சனிக்கிழமை வீடு திரும்புவதாக ஏற்பாடு. வீட்டுக்கு இந்த அடுப்பைத் தவிர வேறு சூடு இல்லை. குழாய்கள் உறையாமல் ஒரு வாரம் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார். எனக்கு விடுமுறை இருந்தது. போக இடம் இல்லை. ஞாயிறு முழுக்க நான் யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

ஆய்வாளர் ஒரு கட்டையில் ஈரமானியின் ஊசிகளைக் குத்தினார். 16 சதவீதம் ஈரம். "விறகு நல்லா இருக்கு. எரிக்கிறவர்தான் சரியில்லை. இதுக்குள்ள பன்றித் தொடைக்கறியையா புகையில வாட்டுறீங்க?" என்று ஜெர்மனில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை மறுபடி வருவேன், இப்படியே இருந்தால் அடுப்பை எரிக்க முடியாதபடி முத்திரை வைத்துப் பூட்டுவேன் என்றார். செய்ய வேண்டியதைக் காட்டிவிட்டுப் போனார்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, ஆய்வாளர் மிரட்டியதைச் சொன்னேன்.

"நெருப்புப் பிடிச்ச உடனே காத்தை மூடினனீரோ?"

"மூடினேன்க்கா. அதுதான் தப்பாம். காத்து இல்லாம கட்டை எரியாது, புகையத்தான் செய்யும். சூடு பாதி புகையாவே போயிடுதாம்."

"பத்து வருசமா நான் அப்பிடித்தான் விறகு மிச்சம் பிடிக்கிறன். கேஸ் அடுப்பில வளந்த பிள்ளை எனக்கு விறகு படிப்பிக்குதோ!"

"கீழ பெரிய கட்டை, மேல சிராய். மேல இருந்துதான் பத்த வைக்கணுமாம்."

"தலைகீழாவோ? கூரைக்கு நெருப்பு வைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!" சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "பிள்ளை, அடுப்பைப் பூட்டினா எனக்கு அந்த வீட்டில இருக்க ஏலாது. அவன் சொன்னமாதிரியே செய்யும்."

செய்தேன். காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து, மேலே சிராயைக் கொளுத்தினேன். நெருப்பு மெழுகுவர்த்திபோல் கீழ்நோக்கி இறங்கியது. தணல் வந்த பிறகு ஒரு நேரத்துக்கு ஒரே கட்டை. கறுத்திருந்த உட்செங்கல் புதன்கிழமைக்குள் வெளுத்தது. விறகு முன்பைவிடக் குறைவாகவே செலவானது.

வியாழன் காலை ஆய்வாளர் தெருவில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். புகை இல்லை, சூட்டுக்காற்று மட்டும் நெளிந்தது. எதிர்வீட்டு அம்மாளும் வெளியே வந்து பார்த்தார். அடுப்பை எரிக்கலாம் என்று ஆய்வாளர் கையெழுத்திட்டார்.

மாலையில் அக்கா அழைத்தார். காயம் ஆறவில்லையாம்; அடுத்த புதன்கிழமைதான் விடுவார்களாம். "அதுவரைக்கும் நில்லுமன்" என்றார். திங்கள் எனக்கு வேலை. எதிர்வீட்டு அம்மாளிடம் போய்க் கேட்டேன். "புகை வராதென்றால் நானே எரிக்கிறேன்" என்றார்.

வெள்ளி மதியம் நிலவரம் இது: அடுப்புக்கு அனுமதி இருக்கிறது. கூடத்தில் 21 டிகிரி. சாவி எதிர்வீட்டில். அக்கா புதன்கிழமை வருவார், நான் இருக்கமாட்டேன்.