டேங்க் இல்லாத வண்டியில் பெட்ரோல் வாடை

இது நடந்தது. கதை கட்டிச் சொல்கிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியமும் கிடையாது, தெம்பும் கிடையாது. பகல் முழுக்க வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்துவிட்டு வீட்டுக்குப் போனால், சாப்பிட்ட கையைக் கழுவ எழுந்திருக்கவே எனக்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவன் உட்கார்ந்து உங்களைப் பயமுறுத்தி என்ன சம்பாதிக்கப் போகிறேன்?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்கு வேலை செய்யாது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போய்விட்டது. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். பக்கத்து டயர் கடைக்காரன் எனக்கு 'மூக்கன்' என்று பேர் வைத்தான். இல்லாததைச் சொல்லிக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

மெக்கானிக்குக்கு மூக்கு இல்லையென்றால் பிழைப்பு நாறிவிடும். அதனால் என் மனைவிதான் எனக்கு மூக்கு. கருகல் வாடை, ஆயில் வாடை என்று எந்த வண்டி வந்தாலும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அவளை உள்ளே உட்கார வைப்பேன். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து இன்ன இடம் என்று சொல்வாள். நடுவில் மூக்கு மரத்துப்போனால் தன் முழங்கை மடிப்பை மோந்துகொள்வாள். சொந்த வாடையை மோந்தால் மூக்கு தெளிந்துவிடுமாம். அவள் சொல்லி ஒரு தடவைகூடத் தப்பானதில்லை.

அந்தப் பழைய வண்டியை என் மகளுக்காக வாங்கினேன். பிரசவ லீவு முடிந்து அவள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். மருமகன் வெளியூரில் இருக்கிறார். ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, காப்பகத்தில் விட்டுவிட்டு ஆபீஸ் போக வேண்டும். ஒரு நாள் போய்ப் பார்த்தாள். கூட்டத்தில் நசுங்கிக் குழந்தை நீலம் பாரித்துப் போய் வந்தது. அன்று ராத்திரி எனக்கு உறக்கமில்லை. மறுநாளே பழைய கார் விற்கும் பல்லு புரோக்கரிடம் போனேன். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பேர்.

நல்ல வண்டி. ஒரே ஆள் ஓட்டியது. அடியில் படுத்து அங்குலம் அங்குலமாக நானே பார்த்தேன். இடித்த அடையாளம் இல்லை, வெட்டி ஒட்டிய இடம் இல்லை, மறு பெயிண்ட்டும் இல்லை.

மகள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுத்திருந்தது.

"அப்பா, பின்னாடி பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குது. இதுல புள்ளைய வெச்சு எப்படிப்பா கூட்டிட்டுப் போறது?"

"பழைய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும். ரெண்டு நாள் குடு. திங்கக்கிழமை காலையில வண்டி உன் கையில இருக்கும்."

வாய் கொடுத்துவிட்டேன்.

பெட்ரோல் வாடைக்குக் காரணம் தேடுவது பெரிய வித்தை இல்லை. கசியக்கூடிய இடங்கள் நாலைந்துதான். மூடியின் ரப்பரை மாற்றினேன். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க் வரை போகும் குழாயை மாற்றினேன். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை இருக்கும். அதன் வாஷரை மாற்றினேன். முன்னால் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மனைவியை உள்ளே உட்கார வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது.

"இருக்குங்க. பின்னாடி, இடது பக்கம்."

அடியில் அட்டை விரித்து வைத்தேன். ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

ஞாயிறு மத்தியானம் பொறுமை போய்விட்டது. பெட்ரோலை வடித்தேன். டேங்க்கையே இறக்கி, கேனோடு சேர்த்து டயர் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். நாலு கதவையும் திறந்து வெயிலில் காயப்போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. சாயங்காலம் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, மனைவியைக் கடைசியாக ஒரு தடவை உட்காரச் சொன்னேன்.

இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இருக்குங்க."

"டேங்கே இல்லையேம்மா!"

"அதுக்கு நான் என்ன பண்ண? இருக்கறத இருக்குன்னுதான் சொல்ல முடியும்."

"உனக்கு அசதி. வேற ஒண்ணுமில்ல."

"அசதிதான். யாரு இல்லன்னா? அசதிக்குப் பெட்ரோல் வாடையா அடிக்கும்?"

கோபித்துக்கொண்டு குழாயடிக்கு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்கும் எரிச்சல். பின் சீட்டில் இடது ஓரம், அவள் உட்கார்ந்த இடத்திலேயே போய் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன். மூக்கில்லாதவன் எதற்கு உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். கால் வலித்தது, உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

மணி ஆறே முக்கால். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

டப்.

வண்டியின் கூரை மேல்.

டப்... டப்...

மழையா? வெளியே எட்டிப் பார்த்தேன். முற்றம் காய்ந்து கிடந்தது. அதுவும் இல்லாமல் வண்டி நிற்பது தகரக் கொட்டகைக்குள். இறங்கிக் கூரையைத் தடவினேன். தூசிதான் கையில் ஒட்டியது. மறுபடி உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் வந்தது.

வாடை.

ஆறு வருடத்துக்குப் பிறகு, எனக்கு! முதலில் பயமே வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

திறந்த வாயில் பெட்ரோல் கசந்தது.

டப் டப் டப் டப்...

சொட்டில்லை இப்போது. ஊற்று. கூரை மேல் யாரோ குடம் குடமாகக் கவிழ்க்கிற சத்தம்.

கண்ணாடி மேலே ஏறித்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அதன் வழியே ஏதோ வந்து என் இடது தோளில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது. தண்ணீர் வேறு, பெட்ரோல் வேறு. முப்பது வருடமாக இந்தக் கைக்குத் தெரியும்.

கழுத்தில் வழிந்தது.

மடியில் வழிந்தது.

சீட்டில் கை வைத்தேன்... சொதசொதவென்று...

மூச்சு இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு தரையில் விழுந்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. சட்டையைப் பிடித்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சீட்டும் காய்ந்திருந்தது. மூக்கை இழுத்து இழுத்து மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மூக்கு மறுபடி போய்விட்டது.

மனைவி ஓடி வந்தாள். இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? பெட்ரோல்லயா குளிச்சீங்க?"

அன்று ராத்திரி மகளிடம் சொன்னேன், வண்டி வேண்டாம் என்று.

"வாடை எங்கேருந்து வருதுன்னு கண்டுபுடிச்சீங்களா?"

"இல்ல."

"பின்ன ஏம்ப்பா?"

"சாவி தர மாட்டேம்மா."

அவள் அழுதாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே போனாள். ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்ற பிள்ளையிடமே வில்லனாகிவிட்டேன். அந்த அலுப்புக்கு மருந்தில்லை.

டேங்க்கைப் பூட்டி, வண்டியைப் பல்லு புரோக்கரிடம் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன்.

"கோளாறு இருக்காண்ணே, இல்லையா?"

"இல்ல. ஆனா யாருக்கும் விக்காத. உடைக்கப் போட்டுடு."

"நல்லா இருக்கே நியாயம்! பைப்பு புதுசு, வாஷர் புதுசு, உன் கை பட்ட வண்டி. இத உடைக்கப் போட எனக்கென்ன கிறுக்கா?" என்று சிரித்தான். "சரி, யாருக்கும் விக்கல. உன் பேச்சையும் மதிச்ச மாதிரி இருக்கட்டும். நானே வெச்சுக்கறேன், போதுமா?"

எனக்கு அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை. எதைச் சொல்லி வாதாடுவது?

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் மகள் போன் செய்தாள். மேம்பாலத்தில் பெட்ரோல் லாரி கவிழ்ந்துவிட்டதாம். பஸ் ஒரு மணி நேரமாக நகரவில்லையாம். குழந்தை அழுகிறதாம். "வண்டி இருந்திருந்தா எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பேன்" என்று குத்திக்காட்டிவிட்டு வைத்தாள். எனக்கு உறைக்கவே இல்லை. பெரிய நகரம், நூறு லாரி கவிழும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பல்லு புரோக்கர் கொட்டகைக்கு வந்தான். இரண்டு கையிலும் கட்டு. புருவம் இல்லை. சிரிப்பும் இல்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"மேம்பாலத்துல அந்த லாரி எங்க மேலதான் சாஞ்சுதுண்ணே. இடது பக்கமா. மழை கணக்கா கொட்டிச்சு. நான் இந்தப் பக்கமா இறங்கிட்டேன். அவ பின்னாடி... அந்தப் பக்கம் கதவத் திறக்க எடமில்ல. இழுக்கறதுக்குள்ள தீ புடிச்சிருச்சு."

அவன் மனைவியை எனக்குத் தெரியும். ஒரு தடவை வண்டிச் சாவி வாங்க வந்திருக்கிறாள்.

"ஆபீசருங்க வந்து பார்த்தாங்க. வண்டியில எந்தக் கசிவும் இருந்திருக்காதுன்னாங்க. பைப்பெல்லாம் யாரோ நல்லா மாத்தியிருக்காங்கன்னு சொன்னாங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"மத்த கண்ணாடியெல்லாம் ஏத்தித்தாண்ணே இருந்துச்சு. அது ஒண்ணு மட்டும் திறந்திருந்துச்சு. ரெண்டு மாசமா அவ சொல்லிக்கிட்டே இருந்தா, பின்னாடி பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு. மூக்கன் அண்ணனே எல்லாத்தையும் மாத்திட்டாரு, சும்மா இருடின்னு நான்தான் அதட்டினேன். அன்னிக்கு ரொம்ப அடிக்குதுன்னா... வாடை போகட்டும்னுதான் அந்தக் கண்ணாடிய இறக்கினா."