விருந்தாளிக்கு மட்டும் திறந்த கதவு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மல்லிகா, அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். "வந்து பார்த்துட்டுப் போடி" என்று எழுதியிருந்தாள். சென்னையில் அப்படியென்ன வெட்டி முறிக்கிறேன்? கிளம்பிவிட்டேன்.

கோவை காந்திபுரத்திலிருந்து அன்னூர் சுமார் முப்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். சரவணம்பட்டி தாண்டியதும் காற்றே மாறிவிடும். "கொஞ்சம் உள்ள தள்ளி நின்னுக்குங்க அம்மணி" என்று கண்டக்டர் கெஞ்சினார். எங்கள் ஊர்க் கண்டக்டர்களை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அன்னூரில் மல்லிகாவின் கணவர் மொபெட்டோடு காத்திருந்தார். அங்கிருந்து தோட்டம் நாலு கிலோமீட்டர், பாதிக்கு மேல் மண் பாதை.

மல்லிகாவின் மாமியார் தெய்வாத்தாள் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க கண்ணு. பஸ்ஸுல கூட்டமுங்களா? மொதல்ல தண்ணி குடிங்க." அடுத்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி, பிரிக்காத சோப்பும் மடிப்புக் கலையாத துண்டும் சேர்த்து என் கையில் கொடுத்தார். "ஊட்டுக்குப் பின்னால கக்கூஸ் இருக்குதுங்க. கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

வெள்ளை ஓடு பதித்த சுவர். பளபளவென்று பீங்கான். ஒரு கறை இல்லை. எனக்கு என் வீட்டை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. கூடவே ஒரு சந்தேகம்: குடும்பமே புழங்கும் இடம் இப்படியா இருக்கும்?

மறுநாள் விடியலில் தெரிந்துவிட்டது. பனி விலகாத நேரத்தில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு சொம்போடு சோளக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழுக்கும் வரப்பில் மல்லிகா ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி நடந்தாள்.

மல்லிகாவைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். கஞ்சத்தனமெல்லாம் இல்லை. சம்பந்தி வீட்டார் வந்து தங்கினால் சிரமப்படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியதாம். அந்த வீட்டில் நல்ல தட்டு, நல்ல பாய், கெட்டித் தயிர் எல்லாமே வந்தவர்களுக்குத்தான். கழிப்பறையும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

"பகல்ல தண்ணியே குடிக்கறதில்லைடி" என்றாள் மல்லிகா. "ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்திருச்சு. கொழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா திட்டறாங்க. தையில சோளத்தட்டு அறுத்துட்டா அந்த மறைவும் போயிரும்."

"சாவியைக் கேட்க வேண்டியதுதானே?"

"மாமியார்கிட்டப் போய் கக்கூஸ் சாவி கேக்கறதா? அவுங்களே காட்டுக்குத்தான் போறாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் "இன்னொன்னு வெச்சுக்குங்க கண்ணு" என்று தோசை மேல் தோசையாகப் போடுகிற மனுஷியிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? ராத்திரி முழுக்க யோசித்தேன். விடிந்ததும் நானும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.

தெய்வாத்தாள் திரும்பிப் பார்த்துப் பதறிவிட்டார். "ஏனுங்க கண்ணு, நீங்க எங்க வாரீங்க? சாவி குடுத்திருக்கறனல்லங்க?"

"நீங்க போற இடத்துக்குத்தாம்மா."

"ஐயோ! ஊட்டுக்கு வந்தவங்களைக் காட்டுக்கு உட்டாங்கன்னு ஊரே பேசுமுங்க!"

"மல்லிகா அந்தக் கக்கூஸுக்குப் போனாத்தான் நானும் போவேன். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து டாக்டர் திட்டினது உங்களுக்குத் தெரியுமா?"

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். தெய்வாத்தாள் அவளையே பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுலியே அம்மணி? உனக்கு இல்லாமயா கட்டிப்போட்டேன்?" பிறகு மருமகளின் சொம்பை வாங்கிக்கொண்டு, "நட, ஊட்டுக்கு" என்றார். அன்றைக்கே பூட்டு கழன்றது. எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

சுத்தத்தில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த வசதி தங்களுக்கும்தான் என்று தோன்றாததுதான் குறை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மார்கழியில் ஸ்வெட்டர் அவசியம். தோட்டத்து வீட்டுக்குப் போவதென்றால் அன்னூரிலேயே பழம் வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது. இலையில் போட்டதை மறுக்காதீர்கள், ஜெயிக்க முடியாது. வீட்டுக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நான் கிளம்பிய நாள் விடியலில் பின்பக்கம் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே தெய்வாத்தாள் வாளித் தண்ணீரோடு நின்றிருந்தார். வாளிக்குப் பக்கத்தில், எனக்குப் பிரிக்காமல் தந்த சோப்பு பாதி கரைந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்க கண்ணு. உள்ள அம்மணி இருக்குது. அடுத்தது நானுங்க."

குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு மூன்றாவது ஆளாக நின்றேன். விருந்தாளியைக் காக்க வைத்ததற்கு அவர் ஒரு வார்த்தைகூட வருத்தம் சொல்லவில்லை.