ஆள் இல்லாமல் ஓட வேண்டிய வேலை

அலுவலகத்தில் அவளுக்கு லிஸ்ட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இரத்தம் சுத்தம் செய்கிற மையம் அது. வருகிறவர்களில் பாதிப் பேர் தனியாக வந்துபோக முடியாதவர்கள். விடியும் முன்பே வீடு வீடாகப் போய் அவர்களை ஏற்றிவர வேன்கள் இருந்தன. யாரை, எந்தத் தெருவில், எந்த வரிசையில் ஏற்றுவது என்ற பட்டியலைக் கம்ப்யூட்டர் தயாரித்து ஓட்டுநர்களுக்கான ஃபோல்டரில் போடும். போட்டதும் ஓட்டுநர் அறையிலுள்ள பிரிண்டர் அதை எடுத்து அச்சடித்துத் துப்பும். முந்தின நாளே தயாரித்து வைக்க முடியாது. யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார், யார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இரவு நர்ஸ் குறித்து முடிக்கவே விடிகாலை ஆகிவிடும்.

பட்டியல் தினமும் தானாக உருவாகும்படி கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைத்திருந்தார்கள். மேலாளர் மையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஓட்டுநர் அறைக்கு அழைத்துப் போய்ப் பிரிண்டரைத் தட்டிக் காட்டுவார்.

"எல்லாம் ஆட்டோமேட்டிக். மனுஷக் கையே படாது."

மனுஷக் கைதான் பட்டுக்கொண்டிருந்தது. சர்வர் மாற்றியதிலிருந்து அந்த வேலை தானாக ஓடுவதில்லை. லிஸ்ட்டக்கா உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் சமர்த்தாக ஓடும். விட்டுப் போனால் நின்றுவிடும். ஆரம்பத்தில் அவளுக்கே அது தெரியாது. சர்வர் மாற்றிய மறுநாள் அவள் காய்ச்சலில் வீட்டில் படுத்துவிட்டாள். பட்டியல் வரவில்லை. ஓட்டுநர்கள் முந்தின நாள் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரு வேன் போய் ஹாரன் அடித்த வீட்டில் அந்த மனிதர் இரவே இறந்துபோயிருந்தார். கதவைத் திறந்த மருமகள் ஓட்டுநரை நிற்க வைத்துப் பேசிய பேச்சு தெரு முழுக்கக் கேட்டதாம். தாள் மாறிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னதை மேலாளரும் நம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து லிஸ்ட்டக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பொத்தானை அமுக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி ஒரு பெரிய கூட்டம் கூட்டி, ஆளாளுக்கு ஒன்று கேட்டு, அதற்குப் பதில் சொல்வதைவிட வந்து அமுக்கிவிட்டுப் போவது சுலபமாக இருந்தது. சீக்கிரம் வரும் பழக்கம் உள்ளவள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் அதில் அவளுக்கும் ஒரு வசதி இருந்தது. அமுக்கிய பிறகு மற்றவர்கள் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். எதையும் யோசிக்கமாட்டாள். மின்விசிறி சுற்றும். அந்த ஒரு மணி நேரம் அவளை யாரும் தூக்கச் சொல்லவில்லை, துடைக்கச் சொல்லவில்லை, திருப்பச் சொல்லவில்லை.

வீட்டில் அவளுடைய கணவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் 'ஆமா' என்ற ஒரே வார்த்தைதான் மிச்சம். தண்ணி வேணுமா என்றாலும் ஆமா, வேணாமா என்றாலும் ஆமா. சாதாரணத் தண்ணீர் புரையேறும் என்பதால் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். சாப்பாட்டை மசித்து, சிறு கரண்டியால், நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் அரைமணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. ஒரே பக்கம் கிடந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். சிவந்ததைக் கவனிக்காமல் விட்டால் புண்ணாகும். அவள் விட்டதில்லை. அவர் உடம்பில் ஒரு புண்கூட இல்லை.

அவளுக்கு வருத்தமா என்று கேட்டால் இல்லை. கோபமா என்றால் அதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கன்னம் இருப்பது தெரியும், கடித்துக்கொண்டால் தெரியாது.

காலையில் அவள் அலுவலகம் போகிற நேரத்தில் கணவரைப் பார்த்துக்கொண்டவள் நாத்தனார். கணவருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. தம்பியை வைதுகொண்டே ஊட்டுவாள், வைதுகொண்டே வாயைத் துடைப்பாள். ஒருநாள் மாலை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் சொன்னாள்.

"திங்கக்கிழமை நான் கிளம்புறேன். மகளுக்கு நாள் நெருங்கிடுச்சு. போனா மூணு மாசம் ஆகும், நாலு மாசமும் ஆகும். அங்க மாமியார்க்காரி ஒரு துரும்பைக்கூட நகத்தமாட்டா."

"போயிட்டு வாங்க அண்ணி."

"வாய் நிறைய போயிட்டு வாங்கங்கற. இவனை யார் பாப்பா? எட்டு மணிக்கு மேலதான் ஆள் அனுப்புவோங்கறாங்க, நோயாளியைப் பாத்துக்க ஆள் தர்ற அந்த ஏஜென்சில. நீ கோழி கூவுறதுக்கு முன்னாடி ஆபீசுக்கு ஓடுற. அங்க என்னதான் வெச்சிருக்க, புதையலா?"

"வேலை இருக்கு அண்ணி."

"ஊரெல்லாம் ஒன்பது மணிக்குப் போகுது. உனக்கு மட்டும் என்ன அப்படி வேலை?" நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. இந்த மாதிரி படுத்துட்டவங்களை வெச்சுப் பாத்துக்கற இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்காம். விசாரிச்சுட்டேன், சுத்தமா வெச்சுக்கறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா நமக்கு. கூடப் பொறந்தவ நானே சொல்றேன். உன்னை ஒரு பய குத்தம் சொல்ல முடியாது. என்னடா, உன் வீட்டுக்காரியை விடுறியா?"

"ஆமா" என்றார் கணவர்.

"கேட்டியா, அவனே சொல்லிட்டான்" என்று நாத்தனார் சிரித்தாள். சிரித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

லிஸ்ட்டக்கா அன்று கணக்கை நேராகப் பார்த்தாள். அந்தப் பட்டியல் தானாக ஓடினால் ஏஜென்சி ஆள் வந்தபின் அவள் வேலைக்குக் கிளம்பலாம், கணவர் வீட்டிலேயே இருக்கலாம். ஓடாவிட்டால் அவர் இல்லத்துக்குப் போக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. எது வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆள் எடுத்தான். தலை நரைக்கத் தொடங்கிய வயது என்றாலும் எல்லோருக்கும் அவன் சர்வர் தம்பிதான்.

"அக்கா, கையால ஓட்டினா ஓடுதா?"

"ஓடுது."

"தானா?"

"பக்கத்துல உக்காந்து பாத்தேன், தம்பி. நேரம் குறிச்சு வெச்சுப் பாத்தேன், அப்பவும் ஓடுச்சு. எப்பப் பாத்தாலும் ஓடுது. நான் வீட்டுக்குப் போனா ஓடமாட்டேங்குது."

"அதுக்கு உங்க மேல பாசம் ஜாஸ்தி போல."

"அதே மாதிரி ஒண்ணு வீட்லயும் இருக்கு. நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

அவன் சொல்லச் சொல்லத் திறந்து பார்த்தாள். தப்பு கண்ணெதிரே இருந்தது. அவள் லாகின் செய்திருந்தால் மட்டும் ஓடு என்று அந்த வேலைக்குக் கட்டளை. மாலையில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகிறவள் அவள். பிறகு எப்படி ஓடும்? இத்தனை நாள் சோதித்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி சோதித்தது. கணவரை ஆஸ்பத்திரியில் உட்காரப் பழக்கியபோது அங்கிருந்த பயிற்சியாளப் பெண் அவளைத் திட்டியிருக்கிறாள். "உங்க கை முதுகுல இருக்கற வரைக்கும் உக்காந்த மாதிரிதாம்மா தெரியும். கையை எடுங்க, தள்ளி நில்லுங்க. அப்பத்தான் தெரியும்." வீட்டில் கற்ற பாடத்தை அவள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருக்கவில்லை.

"என் பேர்ல வேணாம் தம்பி" என்றாள். "மாசாமாசம் பாஸ்வேர்டு மாத்தச் சொல்லுது. மாத்தினா மறுபடி நிக்கும். இதுக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுக் குடுங்க."

"நானே அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றான் அவன். வேன் என்று பெயர் வைத்து ஒரு கணக்கு உருவாக்கினான். ஆள் இல்லாத நேரத்தில் வேலையை ஓட்டுகிற உரிமையையும் அதற்குக் கொடுத்தான்.

அவள் எல்லாவற்றையும் மூடி, வெளியேறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நடைபாதையில் போய் நின்றாள். தண்ணீர் பிடிக்க வந்த நர்ஸ், "என்னக்கா, வெளிய நிக்க வெச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து லிஸ்ட்டக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். ஓடவில்லை. இசட் டிரைவைக் காணோம் என்று பிழை.

"இசட்டுங்கறது உங்க பேர்ல உள்ள வந்தா மட்டும் தெரியற குறுக்கு வழிக்கா" என்றான் சர்வர் தம்பி. "புதுசா வந்தவனுக்கு அது தெரியாது. முழு விலாசத்தையும் போடுங்க."

போட்டாள். மூடினாள். மறுபடி நடைபாதை. இந்த முறை பட்டியல் தயாரானது, ஆனால் ஃபோல்டரில் விழவில்லை. ஆக்சஸ் டினைட் என்று வந்தது. எழுதும் உரிமை அந்தக் கணக்குக்கு இல்லை.

"குடுத்துட்டேனே!" என்றான் அவன். குடுத்துத்தான் இருந்தான். அவள் மறுபடி மூடிவிட்டுப் போய் நின்றாள். மறுபடி அதே டினைட். மறுநாளும் அதே. எதையாவது மாற்றுவதும் கதவைச் சாத்துவதும் நிற்பதுமாக வியாழக்கிழமை போயிற்று. அந்த வழியாகப் போன மேலாளர், நடைபாதையில் காற்று நன்றாக வருகிறதா என்று விசாரித்தார்.

வியாழன் இரவு நாத்தனார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "இல்லத்துக்காரங்க போன் பண்ணாங்க. நாளைக்குச் சொல்றேன்னுட்டேன். சொல்லட்டுமா?"

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன் அண்ணி."

"உன் மனசுல என்ன இருக்குன்னே தெரியல எனக்கு."

லிஸ்ட்டக்கா கணவரை இடப்பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்வர் தம்பியே கூப்பிட்டான். "அக்கா, வாய்ல நல்லா வந்துரும், திட்டாதீங்க. அந்த ஃபோல்டருக்கு ரெண்டு பூட்டு. வாசல்ல ஒண்ணு, உள் அறைல ஒண்ணு. நான் உள் அறையை மட்டும் திறந்து விட்டுருக்கேன். வாசல்ல 'பாக்கலாம், எழுதக்கூடாது'ன்னு இருந்திருக்கு. இப்பத் திறந்துட்டேன். போய்ப் பாருங்க."

"திட்டலை. உங்க வீட்ல சொல்லித் திட்டச் சொல்றேன்."

"அவ தனியா வேற திட்டுவா."

போனை வைத்தாள். கர்சர் நேரம் குறிக்கிற கட்டத்தில் துடித்துக்கொண்டிருந்தது. சரியாகவில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டால் போதும். நாத்தனார் இல்லத்துக்குப் போன் பண்ணிவிடுவாள். திங்கட்கிழமை வழக்கம்போல வந்து கதவைத் திறந்து விளக்கைப் போடலாம். போட்ட பிறகு ஒரு மணி நேரம் மட்டும் இல்லை, நாள் முழுக்கவே அவளை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். இதையெல்லாம் அவள் நினைத்தாள். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பது போலத்தான் இருந்தது.

நேரத்தைக் குறித்தாள். மூடினாள். நடைபாதைக்குப் போய் நின்றாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பாதி வேலையில் கையை எடுத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுநர் அறையில் பிரிண்டர் கரகரத்தது. மீசைக்கார ஓட்டுநர் தாளோடு வெளியே வந்தார். "என்னக்கா, மத்தியானத்துல லிஸ்ட் வருது? யாராவது புதுசா சேந்துருக்காங்களா?"

"சோதனை. கிழிச்சுப் போட்டுருங்க."

சனி, ஞாயிறு மையத்துக்கு விடுமுறை. திங்கட்கிழமை விடிகாலையில் நாத்தனார் ரயிலேறிவிட்டாள். லிஸ்ட்டக்கா வழக்கமாகக் கிளம்புகிற நேரத்துக்கே எழுந்துவிட்டாள். கணவரைத் துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள், குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு இல்லை. சக்கர நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, விழுந்துபோன கையைத் தலையணைமேல் எடுத்து வைத்தாள். சாப்பாட்டை மசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மீசைக்காரர்.

"லிஸ்ட் வந்துருச்சு. உங்களைத்தான் காணோம். ஆபீஸ் இருட்டிக் கிடக்கு. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வீட்ல இருக்கேன். ஆள் வந்தப்புறம்தான் வருவேன். இனிமே லிஸ்ட் தானா வரும்."

"அப்ப இத்தனை நாளா?"

"வரலை."

அந்தப் பக்கம் வேன் கதவு இழுபடும் ஓசை மட்டும் கேட்டது. "அது சரி" என்றார். "மேலாளர் கேட்டா என்ன சொல்ல?"

"ஆட்டோமேட்டிக்குன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை இருந்ததுல யார் பேர் இல்லைன்னு பாத்துட்டு எடுங்க."

"ரெண்டு பேர் இல்ல."

"சரி."

நன்றாக விடிந்து, ஊட்ட உட்கார்ந்தபோது மறுபடி அடித்தது. இல்லத்திலிருந்து. நாத்தனார் வெள்ளிக்கிழமையே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆனாலும் சம்சாரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார்களாம். அந்தக் கட்டிலை இன்னொரு குடும்பம் கேட்கிறதாம்.

"குடுத்துருங்க" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அடுத்தது எப்பக் காலியாகும்னு சொல்ல முடியாது."

"அவங்களுக்கே குடுத்துருங்க."

போனைப் பக்கத்தில் வைத்தாள். கரண்டியின் நுனியில் கொஞ்சமாக எடுத்து, செயல்படுகிற பக்கமாக வாயில் வைத்தாள். அவர் மெதுவாக மென்றார். தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.