நீங்கள் எந்தக் கோவில்?

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 876ஆம் விதி தெளிவானது. ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதை நிரூபிக்க, அதனால் எவருக்கும் பாதகம் வராதென்றால், நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். பதிவேடு எரிந்திருக்கலாம், கோவில் இடிந்திருக்கலாம், ஊருக்குப் போகும் பாதையை இரண்டு படைகள் மறித்திருக்கலாம். அதற்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கக்கூடாது. எழுதியவர்களுக்கு உலகம் தெரிந்திருக்கிறது.

என் மகளின் ஞானஸ்நானத்துக்கு நானே சாட்சி. தண்ணீர் தலையில் பட்டதும் அவள் வீரிட்டழுததும், சுவாமியாரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் பங்குக் கோவிலுக்கு அப்போதிருந்த அயர்லாந்துச் சுவாமியாரிடம் போய், வேதப் புத்தகத்தில் கை வைத்து அதைச் சொன்னேன். அவர் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார். தேநீர் ஆறுவதற்குள் அலுவல் முடிந்தது. விதிப்படி பார்த்தால் இந்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

வேலைக்காலம் முழுவதும் விதிகளோடு கழித்தவன் நான். முதலில் யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகம், பிறகு கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பகுதி. விதியை மீறுகிறவனோடு எனக்குப் பெரிய பகை இல்லை. அவனுக்கு ஏதோ அவசரம். விதி கேட்காததைக் கேட்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

கேட்டவர் டொராண்டோவில் இருந்தார். என் மகள் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். ஓர் உறவினர் கல்யாணத்துக்கு டொராண்டோ போன இடத்தில் ஒரு பொடியனைச் சந்தித்தாள். கணக்காளர், அமைதியானவர், எங்களைப் போலவே யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அவர்கள் இருவரும் டெலிபோனில் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் கடிதம் எழுதிக்கொண்டோம். பொடியனின் தாய் கடிதத்தைத்தான் விரும்பினார். காகிதத்தில் கேட்டால் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அவருடைய கடிதங்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. தலைப்பில் சேசு மரி சூசை. முதல் பத்தியில் போர்: எங்கட சனம் சிந்துகிற இரத்தம் வீண்போகாது, பழைய அழுக்கெல்லாம் கழுவப்பட்டுப் புதிய சமுதாயம் பிறக்கும். இரண்டாம் பத்தியில் பனி. மூன்றாவதில், போகிற போக்கில் கேட்பதுபோல, "உங்கள் மகளுக்கு எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று எழுதினால் நல்லது."

எங்கள் ஊரில் கோவில் இரண்டு. ஒன்று கடற்கரையில், மீன்பிடிக்கிறவர்களின் குடிசைகளுக்கு நடுவில். மற்றது பெரிய றோட்டில், காணிக்காரரின் கல்வீடுகளுக்கு நடுவில். இரண்டிலும் அதே பூசை, அதே மன்றாட்டு. யார் எந்தக் கோவிலுக்குரியவர் என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. ஆனாலும் யாரும் மாறிப் போனதில்லை. சாதி என்ற சொல் அந்த அம்மாவின் கடிதங்களில் ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஊர்ப்பெயரை மட்டும் எழுதினேன். அடுத்த கடிதத்திலும் அதே கேள்வி. அதற்கும் ஊர்ப்பெயரையே எழுதினேன்.

"சொல்லிப்போட்டு விடுங்கோவன்," என்றாள் மனைவி. "எங்களுக்கு என்ன மறைக்க இருக்கு?"

"மறைக்கேல்ல. பதில் சொல்ல அருவருப்பாக் கிடக்கு."

"நாங்கள் றோட்டுக் கோவில்தானே. சொன்னால் மரியாதைதானே?"

"அதுதான் அருவருப்பு."

அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கியும் பிடிக்காமல் இருந்திருக்கலாம். நான் பூசைக்குப் போன நேரம் பார்த்து டொராண்டோவுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லியும்விட்டாள். அந்த அம்மாவின் பதிலை அவளே பிறகு என்னிடம் ஒப்புவித்தாள். முகம் கறுத்திருந்தது.

"'ஓம் அக்கா, சந்தோசம்' எண்டவ. பிறகு சொல்லுறா, 'குறை நினைக்காதேங்கோ, பிளேன் ஏறினாப்பிறகு எல்லாரும் றோட்டுக் கோவில்தான்.' எங்களைப் பார்த்து! நாங்கள் பொய் சொல்லுறமாம். அந்த மனிசிக்கு எவ்வளவு வாய் பாருங்கோ."

நான் சிரித்தேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான். மனைவி அன்று என் சோற்றை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த கடிதத்தில் வாய்ச்சொல் போதாதென்று வந்தது. ஊர்ப் பங்கிலிருந்தே ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும், ஞானத்தாய் ஞானத்தந்தை விபரத்தோடு. 876ஆம் விதியை எடுத்தெழுதி, சுவாமியார் முத்திரை குத்திய வாக்குமூலத்தின் பிரதியையும் இணைத்து அனுப்பினேன். "சட்டம் எங்களுக்கும் தெரியும் அண்ணை," என்று பதில் வந்தது. "ஆனால் நாலு பேர் கேட்டால் சட்டத்தைக் காட்டேலாது."

யாழ்ப்பாணத்துக்கு அந்த நாட்களில் நேர் வழி இல்லை. தரைப்பாதை மூடிக் கிடந்தது. கடிதங்கள் மாதக்கணக்கில் எங்கோ தேங்கின. போகிறவர்களும் வருகிறவர்களும் கிளாலிக் கடல்நீரேரியைச் சிறு படகுகளில், இருட்டோடு இருட்டாகக் கடந்தார்கள். கடற்படை கண்டால் சுடும். நோயாளியைப் பார்க்கப் போனவர்கள், பிள்ளையைக் கூட்டிவரப் போனவர்கள், மருந்து கொண்டுபோனவர்கள் பலர் அந்தத் தண்ணீரில் செத்தார்கள். இதெல்லாம் டொராண்டோவிலும் தெரிந்த செய்தி. அந்த அம்மாவின் முதல் பத்திகளில் இதெல்லாம் உருக்கமாக வந்தும் இருக்கிறது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கோடையில், எனக்குச் சிரமம் தராமல் காரியத்தைத் தாமே பார்த்துவிட்டதாக எழுதினார். மகள் வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், கையெழுத்து வாசிக்க வராது. அதனால் வழக்கம்போல நான்தான் வாசித்துக் காட்டினேன். கொழும்பிலிருக்கும் அவருடைய தம்பி, ஊருக்குப் போன ஒரு வாத்தியார்ப் பொடியனிடம், பங்குச் சுவாமியாருக்கென்று கடிதம் கொடுத்துவிட்டாராம். பொடியன் அதைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனானாம். "அன்றைக்கு நடுக்கடலில் நல்ல துப்பாக்கிச் சூடு. பக்கத்துப் படகில் ஆட்கள் செத்தவையாம். அந்தோனியார் புண்ணியத்தில் எங்கட கடிதத்துக்கு ஒன்றும் நடக்கேல்லை, நனையாமல் போய்ச் சேர்ந்தது."

"அந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கோ அப்பா," என்றாள் மகள்.

வாசித்தேன்.

"அந்தக் கடிதத்தில என்ன கேட்டிருக்கினம்?"

"நாங்கள் எந்தக் கோவில் எண்டு."

"கொண்டு போனவருக்கு என்ன நடந்தது?"

"எழுதேல்ல."

"காயப்பட்டவரோ? உயிரோட இருக்கிறாரோ?"

"கடிதம் நனையேல்ல எண்டுதான் எழுதியிருக்கு."

அவள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்க வராத அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய், தான் கட்டவிருந்தவருக்கு டெலிபோன் எடுத்தாள். கதவை மூடவில்லை. அவள் பேசியது ஆங்கிலத்தில். எனக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாள். மூன்றாவது தடவை குரல் மிகவும் தணிந்திருந்தது. திரும்பி வந்து, ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் இருந்தாள்.

"அவருக்குத் தெரியும் அப்பா. கடிதம் போனது முதலே தெரியும். 'ஜஸ்ட் எ ஃபோர்மாலிட்டி, அம்மாவின்ர மனத் திருப்திக்கு' எண்டு சொல்லுறார்."

"கொண்டு போன பொடியன்?"

"கேக்கேல்லையாம். ஏன் கேக்கவேணும் எண்டு அவருக்கு விளங்கேல்ல."

மனைவி அடுப்படியில் நின்றபடி, "அவசரப்படாதை பிள்ளை," என்றாள். "நல்ல பொடியன். தாய் செய்ததுக்கு அவன் என்ன செய்வான்?"

"கேட்டிருக்கலாம் அம்மா. ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

அந்த வாரமே அவள் டொராண்டோவுக்கு, அந்தக் கணக்காளருக்கு, ஒரு கடிதம் எழுதினாள். உறையை நான் பார்த்தேன். ஒற்றைத் தாளுக்கு மேல் இருக்காது. அவளே தபாற்பெட்டியில் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு ஞாயிறு கழிய டெலிபோனும் நின்றது. அவள் ஷிப்டைக் கூட்டிக்கொண்டாள். தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஆட்கள் என்னிடம் வந்து மகளின் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். இல்லை என்பேன். "ஏன், அவையள் எந்தக் கோவிலாம்?" என்று குரலைத் தணிப்பார்கள். கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

குளிர்காலம் பாதிக்கு மேல் போனபின் அந்த அம்மாவிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. கல்யாணம் முறிந்ததை மகன் தாயிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது. உள்ளே ஊர்ச் சுவாமியாரின் பத்திரத்தின் பிரதி இருந்தது. பொருளாதாரத் தடையில் ஊரில் தாளுக்கும் பஞ்சம். பள்ளிக் கொப்பியில் கிழித்த ஒற்றையில் எழுதியிருந்தார். நாள், பெற்றார், ஞானப்பெற்றார், பதிவேட்டு எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் உரிய இடத்தில் இருந்தன. அலுவலகத்தில் எத்தனையோ பத்திரங்கள் என் கைக்கு வந்தன, குறை சொல்ல இடமில்லாதவை மிகச் சில. அந்த மனிதர் குண்டுவீச்சுக்கு நடுவில் யாருக்காகவோ தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்.

கூடவே அம்மாவின் கடிதம். போர், பனி, பிறகு: "எல்லாம் திருப்தி அண்ணை. ஞானத்தாயின் குடும்பம் எங்களுக்கும் தெரிந்ததுதான். இனி ஒரு தடையும் இல்லை. நாள் பார்க்கலாம்."

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"சரியெண்டு எழுதியிருக்கினம்," என்றாள் மெதுவாக. "பிள்ளைக்குச் சொல்லவோ?"

"சொல்லும். அவள் என்ன கேப்பாள் எண்டு உமக்குத் தெரியும்தானே."

"என்ன கேப்பாள்?"

"கொண்டு போன பொடியனைப் பற்றி ஏதும் எழுதியிருக்கோ எண்டு."

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுத் தேடினாள். பிறகு எல்லாவற்றையும் மடித்து மேசையில் வைத்தாள். சாம்பல் பூசக் கோவிலுக்குப் போகவென்று கட்டிய வெள்ளைச் சேலையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

நாங்கள் எந்தக் கோவில் என்ற கேள்விக்கான அந்தப் பதில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டு, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன்கிழமை.