டிவிக்கு ஆகாத சட்டை

எங்க வீட்டுப் பழைய டிவியில பகல் பூரா படம் பளிச்சுனு தெரியும். சாயந்தரம் அப்பா எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில இருந்து வந்து சட்டையை உதறி மாட்டுனதும் படம் குதிக்க ஆரம்பிச்சிரும்.

"நான் உக்காந்தாலே இதுக்குப் பொறுக்காது"ன்னு அப்பா டிவி தலையில ரெண்டு தட்டுத் தட்டுவார். சில நாள் நிக்கும், சில நாள் மொத்தமா இருட்டிரும்.

இன்னைக்கு மெக்கானிக் அண்ணன் வந்து பின்மூடியைக் கழட்டினார். உள்ள எல்லாம் வெள்ளியா மினுங்குது! விரல்ல தொட்டுப் பார்த்தவர் அப்படியே அண்ணாந்து பார்த்தார். டிவிக்கு நேர் மேல ஆணியில அப்பா சட்டை.

"அண்ணாச்சி, இது பட்டாசு மருந்துல கலக்குற அலுமினியப் பொடியில்ல? உள்ள ஒரு கம்பெனியே நடத்துறீக! சட்டையை உதறிப் புதுப்பொடி விழுகுறப்பல்லாம் கரண்டு கண்ட இடத்துல பாயுது. தீப்பிடிக்காம படத்தோட போச்சேன்னு சந்தோசப்படுங்க."

பொடியைத் துடைச்சு எடுத்து, டிவியைப் போட்டார். படம் குதிக்கவே இல்ல.

அப்பா உடனே சட்டையை எடுத்துட்டுப் போய் கொல்லையில கொடி கட்டித் தொங்கப்போட்டார். "இனி கம்பெனித் துணி வீட்டுக்குள்ள வராது. டிவிக்கு ஆகாதாம்."

அடுப்படியில இருந்து அம்மா இருமிக்கிட்டே கேட்டாங்க: "எனக்கு ஆகலைன்னு எம்புட்டு வருசமாச் சொல்றேன்?"

அப்பா கொடியை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினார். இப்ப கொடி நல்லா இறுக்கமா இருக்கு. டிவி சரியாயிருச்சு, அடுத்து அம்மா இருமலும் நிக்கும்னு நம்புறேன்.

உங்க வீட்டுல யாரு சொன்னா கேக்குறாக, மனுசங்களா டிவியா?