ஆடிப்பெருக்கின் முதல் ஆர்டர்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளில் பூசை போட்டு, பொங்கல் கொடுத்து, புது விலைப்பட்டியல் வெளியிடுவார்கள். அன்றைக்கு யாருக்கு முதல் ஆர்டர் கொடுக்கிறோமோ, அவர்தான் அந்தச் சீசனுக்கு நமக்குப் பெரியவர். விருதுநகரில் எங்கள் கடையின் முதல் ஆர்டர், வாப்பா காலத்திலிருந்தே நாரணாபுரத்து முதலாளி ஒருவருக்குத்தான். அவருடைய புஸ்வாணம் அப்படி. எழும், ஒரு கணம் தயங்கும், பிறகு மல்லிகைப் பந்தல் சரிந்தாற்போல் வெள்ளையாய்க் கொட்டும். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் எங்கள் படியேறுகிறார்கள்.

அது அவருக்கும் தெரியும். புஸ்வாணம் கேட்டால், விலைபோகாத சாட்டைப் பட்டாசையும் சேர்த்து ஏற்றிவிடுவார். போன தீபாவளிச் சாட்டை இன்னும் எங்கள் குடோனை அடைத்துக்கொண்டு கிடந்தது. இந்த ஆடியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை அச்சங்குளத்துக்குத் திருப்பினேன். ஒரு சின்னக் கம்பெனிக்கு முதல் ஆர்டரைக் கொடுத்தேன், தரைச்சக்கரத்துக்கு மட்டும். திரும்பும் வழியெல்லாம் வெயில், கருவேலம், காற்று. நாரணாபுரத்து முதலாளி கோபித்துக்கொண்டு புஸ்வாணத்தை நிறுத்திவிட்டால்?

மறுநாள் அவரே கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன பாய், அச்சங்குளத்துப் பூசையில பொங்கல் ருசியா இருந்துச்சோ?"

"உக்காருங்க அண்ணாச்சி, டீ சொல்றேன்."

"டீயும் அங்கனயே குடிச்சிருப்பீகன்னுல்ல நெனச்சேன்."

குடோனைத் திறந்து காட்டினேன். தூசி படிந்த தன் பெட்டிகளைப் பார்த்தார். ஒன்றைத் துண்டால் துடைத்தார்.

"இம்புட்டுமா கெடக்கு?"

"புஸ்வாணத்துக்கு உங்கள விட்டா எனக்கு ஆளில்ல அண்ணாச்சி. ஆனா சாட்டைய இனி எடுக்க முடியாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மதுரையில ஒரு பெரிய கடை எம் புஸ்வாணத்த மொத்தமா கேக்கு. குடுக்கல."

"ஏன்?"

"அவுக ஒருத்தருக்கே ஏத்திட்டு, நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டா நான் எங்கன போவேன்? நீங்கன்னா சண்டை போட்டுக்கிட்டாவது வாங்குவீக."

ஒருவரையே நம்பி நிற்கிற பயம். என்னை அச்சங்குளத்துக்கு விரட்டியதும் அதே பயம்தான். நெஞ்சு லேசாகிவிட்டது.

"சாட்டை வேண்டாம், சரி. அடுத்த ஆடிக்கு மொத ஆர்டர் எனக்கு."

"உங்களுக்குத்தான். சக்கரம் மட்டும் அங்கன."

அச்சங்குளத்திலிருந்து மாதிரிக்கு வந்த சக்கரத்தில் ஒரு பெட்டியை எடுத்துப் போனார். சாயங்காலம் போன் வந்தது. "நல்லாத்தான் சுத்துது. அவன்ட்ட சொல்லித் தொலைச்சிராதீக."

சீசனுக்கு லோடு வந்தது. லாரி நிறையப் புஸ்வாணம். மூலையில், யாருக்கும் தெரியாமல் பதுங்கினாற்போல், ஒரே ஒரு சாட்டைப் பெட்டி.

சிரித்துக்கொண்டே அதையும் இறக்கச் சொன்னேன்.